வெள்ளை அங்கிக்குள்ளே ஒரு கணக்குப் புத்தகம்: கு கிளக்ஸ் கிளானின் சடங்குகளும் அமைப்பும்

இன்றைய எபிசோடில் அமெரிக்காவின் கு கிளக்ஸ் கிளான் பற்றிப் பேசப்போறோம். அவங்க செய்த கொலைகளின் முழு வரலாறு ஒரு எபிசோடில் அடங்காது. அதனால ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரு ரகசியச் சங்கமாக அது உள்ளுக்குள்ளே எப்படி இயங்கியது? உள்ளே வர்றவனுக்கு என்ன சடங்கு, யார் யாருக்கு உத்தரவு போட்டாங்க, பணம் எங்கே போச்சு?

கிளான் என்றதும் நமக்கு சினிமாவில் பார்த்த வெள்ளை அங்கி, கூர்க்குல்லா, எரியும் சிலுவை இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஏதோ வெறிபிடித்த கும்பல் என்று நினைத்து விட்டுவிடுவோம். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே இருக்கிறவங்க செயலாளர், பொருளாளர், கமிஷன் வாங்குகிற ஏஜெண்ட். அந்த ஒழுங்குதான் கிளானை ஆபத்தானதாக ஆக்கியது. அதைக் கோர்ட்டுக்கு இழுக்க நினைத்தவர்களுக்குக் கைப்பிடியாகக் கிடைத்ததும் அதே ஒழுங்குதான். எப்படின்னு பார்ப்போம்.

புலாஸ்கியின் நிலைக்கண்ணாடி

உள்நாட்டுப் போர் 1865-ல் முடிகிறது. தென் மாநிலங்கள் தோற்றுவிட்டன. சுமார் 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை ஆகிவிட்டார்கள். டென்னசி மாநிலத்தில் புலாஸ்கி என்று ஒரு சின்ன ஊர். தோற்ற படையிலிருந்து வீடு திரும்பிய ஆறு இளைஞர்கள் அங்கே ஒரு வக்கீல் ஆபீஸில் கூடி ஒரு சங்கம் தொடங்குகிறார்கள். வட்டம் என்று பொருள்படும் 'குக்ளோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை உடைத்து, அதோடு 'கிளான்' என்று சேர்த்தால் பெயர் தயார். தலைவருக்கு 'கிராண்ட் சைக்ளாப்ஸ்'. கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கன்தான் சைக்ளாப்ஸ். சாதாரண உறுப்பினருக்குப் பெயர் 'கூல்', அதாவது பிணந்தின்னிப் பேய்.

ஆரம்பகாலச் சேர்க்கைச் சடங்கு இப்படி. புதிதாக வருபவனின் கண்ணைக் கட்டி, இருட்டில் இங்கும் அங்கும் நடக்க வைப்பாங்க. ரொம்ப கம்பீரமான குரலில் கேள்வி மேல் கேள்வி. அப்புறம் 'அரச பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள், அரச மகுடத்தைச் சூட்டுங்கள்' என்று உத்தரவு வரும். கண்கட்டை அவிழ்த்தால், எதிரே பெரிய நிலைக்கண்ணாடி. தலையில் இரண்டு கழுதைக் காதுகள் வைத்த பெரிய தொப்பி. சுற்றி நிற்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இதைப் பிற்காலத்தில் எழுதி வைத்தவர் அந்த ஆறு பேரில் ஒருவரான ஜான் லெஸ்டர்.

ஆரம்பத்தில் வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது, பின்னாலதான் கெட்டுப்போச்சு என்று கிளானின் ஆதரவாளர்கள் ரொம்ப காலம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. இந்தக் கதையை நான் அப்படியே ஏத்துக்கல. முகம் தெரியாமல், கூட்டமாக, ராத்திரியில் போய் ஒருத்தனைப் பயமுறுத்திச் சிரிப்பது என்கிற பழக்கம் அந்த அறைக்குள்ளேயே தொடங்கிவிட்டது. அப்புறம் மாறியது யாரை வைத்துச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

கிளை முதல் பேரரசு வரை

1867-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமைக்கு வழி செய்கிறது. அதே ஆண்டு நாஷ்வில் நகரில் மேக்ஸ்வெல் ஹவுஸ் ஹோட்டலில் கிளானின் கூட்டம். அங்கே ஒரு சட்டதிட்டப் புத்தகம் ஏற்கப்படுகிறது. அதில் ஒரு வினோதம். சங்கத்தின் பெயரே எங்கும் கிடையாது. பெயர் வரவேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிகள்தான்.

அந்த அமைப்பை நம்ம கட்சி அமைப்புகளை வைத்து யோசித்தால் சட்டென்று புரியும். ஊர்க்கிளைக்கு 'குகை' என்று பெயர், அதற்கு ஒரு சைக்ளாப்ஸ். மாவட்டம் 'மாகாணம்', அதற்கு ஒரு ராட்சதன். நாடாளுமன்றத் தொகுதி 'டொமினியன்', அதற்கு ஒரு டைட்டன். மாநிலம் 'ராஜ்யம்', அதற்கு ஒரு கிராண்ட் டிராகன். எல்லாவற்றுக்கும் மேலே 'பேரரசு', அதன் தலைவர் கிராண்ட் விசார்ட், மகா மந்திரவாதி. உள்நாட்டுப் போரில் குதிரைப்படைத் தளபதியாக இருந்த நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட் அந்தப் பதவிக்கு வந்தார். போருக்கு முன்னால் அவர் அடிமை வியாபாரி.

மாதங்களுக்குக்கூட ரகசியப் பெயர் இருந்தது: 'துயரமான', 'இருண்ட', 'கொடூரமான' இப்படி. கிழமைகளுக்கு நிறங்களின் பெயர். காகிதத்தில் எல்லாமே கச்சிதம். நடைமுறையில் ஃபாரஸ்டால் ஒவ்வொரு ஊர்க்குகையையும் கட்டுப்படுத்த முடியல. 1869-ல் அவர் கலைக்கச் சொல்லி உத்தரவு போட்ட பிறகும் பல இடங்களில் வன்முறை நிற்கவே இல்லை. மேலேயிருந்து உத்தரவு வராமலே கீழே வேலை நடக்கும், பழி வந்தால் மேலே உள்ளவர் எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வசதியை அடுத்த நூறு வருஷமும் கிளான் விடவே இல்லை.

முகமூடி யாருக்காக?

முதல் கிளானில் வெள்ளை யூனிஃபார்ம் கிடையாது. கொம்பு, பொய்த்தாடி, சாயம் பூசிய முகம், பெண்களின் கவுன் என்று கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டுப் பெண்களே தைத்துக் கொடுத்தது நிறைய. போரில் செத்த படைவீரர்களின் ஆவி நாங்கள் என்பார்கள். ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் குடித்துக் காட்டுவார்கள். அங்கிக்குள்ளே ஒரு குழாயும் தோல்பையும் இருக்கும்.

கறுப்பின மக்கள் மூடநம்பிக்கைக்காரர்கள், பேய் என்று நம்பி நடுங்கினார்கள் என்று வெள்ளையர்கள் எழுதி வைத்தார்கள். உண்மை என்ன என்பது நாடாளுமன்றக் குழுவின் பதிவில் இருக்கு. 1871-ல் அந்தக் குழு தென் மாநிலங்களுக்கே போய் சாட்சியம் எடுத்தது. மொத்தம் 13 தொகுதிகள். அதில் கறுப்பின சாட்சிகள் பேய் பற்றிப் பேசவில்லை. குரலை வைத்து, நடையை வைத்து, குதிரையை வைத்து ஆளை அடையாளம் சொல்கிறார்கள்.

ஆப்ரம் கோல்பி என்று ஒருவர். அடிமையாக இருந்து விடுதலை ஆனவர், ஜார்ஜியா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1869 அக்டோபரில் கிளான் ஆட்கள் வீட்டுக் கதவை உடைத்து, படுக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போய், காட்டில் வைத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் அடிக்கிறார்கள். நடுவில் நிறுத்தி, இனி ரேடிக்கல் கட்சிக்கு ஓட்டுப் போடுவியா என்று கேட்கிறார்கள். நாளைக்கே தேர்தல் வந்தாலும் போடுவேன் என்கிறார். மறுபடியும் அடி. செத்துவிட்டார் என்று நினைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். யார் அவர்கள் என்று குழு கேட்டதற்கு, எங்க ஊர்ப் பெரிய மனுஷங்கதான், ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் டாக்டர், மற்றவங்க விவசாயிகள் என்று சொல்கிறார்.

தென் கரோலினாவில் எலியாஸ் ஹில். சின்ன வயசிலேயே நோய் தாக்கிக் கைகால் செயலிழந்தவர், பிரசங்கியார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். எழுந்து நடக்கக்கூட முடியாத மனிதரை 1871 மே மாதத்தில் ஒரு ராத்திரி முற்றத்தில் இழுத்துப் போட்டுக் குதிரைச் சவுக்கால் அடித்தார்கள். பிரசங்கம் செய்வதை நிறுத்து, குடியரசுக் கட்சியை விட்டுவிட்டதாகப் பத்திரிகையில் அறிவிப்புப் போடு, இதுதான் கோரிக்கை. அவர் குழு முன்னால் சாட்சி சொன்னார். அந்த ஆண்டே தன் ஊர்க்காரர்கள் பலரோடு லைபீரியாவுக்குக் கப்பலேறினார்.

அப்ப முகமூடி எதுக்கு? அடி வாங்கியவருக்கு அடித்தவனைத் தெரியும். ஊருக்கும் தெரியும். முகமூடி இருந்தால், கோர்ட்டில் ஏறி 'அது அவர்தான் என்று எப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்கலாம். நீதிபதியும் ஜூரியும் தெரியாத மாதிரி இருந்துகொள்ளலாம். முகமூடி மறைத்தது முகத்தை அல்ல, ஊரின் சம்மதத்தை.

இந்த முடிச்சை அவிழ்க்க 1870, 71-ல் மத்திய அரசு சட்டங்கள் கொண்டுவந்தது. 1871 அக்டோபரில் அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைத்தார். நூற்றுக்கணக்கானவர்கள் கைது. அங்கே நடந்த வழக்குகளில் அரசுத் தரப்பு என்ன ஆதாரம் காட்டியது தெரியுமா? கிளானின் சத்தியப் பிரமாணமும் சட்டதிட்டங்களும். உறுப்பினர்களைக் கட்டிப்போட எழுதிய சத்தியமே, இவர்கள் கூட்டுச் சதி செய்தார்கள் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. 1872-க்குள் முதல் கிளான் உடைந்துபோனது. அது நடத்திய வன்முறையின் பலன் மட்டும் போகல. 1877-க்குள் தென் மாநிலங்கள் எல்லாமே வெள்ளை ஆதிக்கத்தின் கைக்குத் திரும்பிவிட்டன.

பத்து டாலர் சாம்ராஜ்யம்

நம்ம மனசில் இருக்கிற கிளான் உண்மையில் 1915-ல் பிறந்தது. அந்த வருஷம் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற மௌனப்படம் வெளிவந்து, பழைய கிளானை வீரர்களாகக் காட்டியது. அட்லாண்டாவில் வில்லியம் ஜோசப் சிம்மன்ஸ் என்று ஒருவர். மெதடிஸ்ட் போதகராக இருந்து அந்த வேலை போனவர். அப்புறம் சகோதரச் சங்கங்களுக்கு ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கிப் பிழைத்தவர். 1915 நவம்பர் மாதம், நன்றி நவிலல் நாள் இரவு, சுமார் 15 பேரோடு ஸ்டோன் மவுண்டன் என்ற பாறைமலையில் ஏறி ஒரு சிலுவையை எரித்தார். எரியும் சிலுவை பழைய கிளானின் வழக்கமே கிடையாது. தாமஸ் டிக்சன் என்ற நாவலாசிரியர் ஸ்காட்லாந்து வழக்கம் ஒன்றிலிருந்து எடுத்துத் தன் நாவலில் வைத்தார். அந்த நாவல் படமானது, படத்திலிருந்து மலைக்கு வந்தது. கற்பனையைப் பார்த்துத்தான் நிஜம் வேஷம் கட்டியது.

ஐந்து வருஷம் ஆகியும் சில ஆயிரம் பேர்தான் சேர்ந்தார்கள். 1920-ல் சிம்மன்ஸ், எட்வர்ட் யங் கிளார்க், எலிசபெத் டைலர் என்ற இரண்டு விளம்பரக்காரர்களை அமர்த்தினார். அதற்குப் பிறகு கதையே மாறிப்போச்சு. நாடு முழுக்க ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் போனார்கள். அவர்களுக்குப் பெயர் 'கிளீகிள்'. சேர்க்கைக் கட்டணம் 10 டாலர். அதில் 4 டாலர் கிளீகிளுக்கு. 1 டாலர் அவனுக்கு மேலே உள்ள மாநில ஏஜெண்டுக்கு. 50 சென்ட் அதற்கும் மேலே உள்ள வட்டார ஏஜெண்டுக்கு. 2.50 டாலர் கிளார்க், டைலர் இருவருக்கும். மிச்சம் 2 டாலர் சிம்மன்ஸின் தலைமைக்கு. இதைக் கேட்டதும் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருதா? நம்ம ஊரில் வீட்டுக்கு வந்து சோப்புத்தூளும் சத்துமாவும் விற்கிற செயின் மார்க்கெட்டிங்கேதான். அங்கியும் தலைமை மூலமாகத்தான் வாங்கணும், விலை 6.50 டாலர்.

கிளீகிள் ஒரு ஊருக்குப் போனதும் முதலில் பாதிரியாரைப் பார்ப்பான். அவருக்குக் கட்டணம் கிடையாது. அடுத்து, இந்த ஊர்க்காரங்களுக்கு யார் மேல் கோபம் என்று விசாரிப்பான். தெற்கே கறுப்பின மக்கள். மற்ற இடங்களில் கத்தோலிக்கர்கள், யூதர்கள், புதிதாகக் குடியேறியவர்கள், கள்ளச்சாராயம் விற்பவர்கள். மேற்குக் கரையில் ஜப்பானியர்கள். அந்தந்த ஊரின் வெறுப்புக்கு ஏற்ற சரக்கு. 1921 செப்டம்பரில் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகை மூன்று வாரம் தொடர்ந்து அம்பலப்படுத்தியது. நாடாளுமன்ற விசாரணையும் வந்தது. அதனால் கிளான் சரியவில்லை, இன்னும் பிரபலமானது. 1920-களின் நடுவில் உறுப்பினர் எண்ணிக்கை 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை இருந்திருக்கும் என்பது மதிப்பீடு.

கிளாவர்னுக்குள்ளே ஓர் இரவு

சிம்மன்ஸ் சடங்குப் புத்தகம் ஒன்று எழுதி, 1916-லேயே காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். பெயர் 'குளோரான்'. கூடும் இடம் 'கிளாவர்ன்'. எல்லாப் பெயரையும் 'கிளா, கிளீ, குளோ' என்று ஆரம்பிப்பதில் அவருக்கு ஒரு குஷி. கிளைத் தலைவர் சைக்ளாப்ஸ். அவருக்குக் கீழே பன்னிரண்டு 'பயங்கரர்கள்'. துணைத்தலைவர் கிளாலிஃப், உரையாற்றுபவர் கிளொக்கார்ட், மதகுரு கிளட், செயலாளர் கிளிகிராப், பொருளாளர் கிளாபி. உள்வாசலுக்கு ஒரு காவலர், வெளிவாசலுக்கு ஒரு காவலர். கணக்கைத் தணிக்கை செய்ய மூன்று பேர். பயங்கரம் என்ற சொல்லை எடுத்துவிட்டால், இது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழு, அவ்வளவுதான்.

கூடத்தின் நடுவில் பலிபீடம். அதன் மேல் அமெரிக்கக் கொடி, ரோமர் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் திறந்து வைத்த பைபிள், உருவிய வாள், ஒரு பாத்திரத்தில் தண்ணீர். வெளியே இருப்பவர்களுக்குப் பெயர் 'அந்நியர்'. சேருவதற்குப் பெயர் 'குடியுரிமை பெறுதல்'. வந்தவர்களை வெளி அறையில் நிறுத்திக் கேள்விகள் கேட்பார்கள்: நீ இங்கேயே பிறந்த வெள்ளையனா, யூதன் அல்லாதவனா, வெள்ளை ஆதிக்கத்துக்காக உழைப்பாயா? அப்புறம் வரிசையாகக் கூடத்தைச் சுற்றி அழைத்து வந்து சத்தியம் வாங்குவார்கள். அதில் நாலு பகுதி: கீழ்ப்படிதல், ரகசியம், விசுவாசம், கிளான்காரனுக்குக் கிளான்காரன் துணை. முடிவில் அந்தத் தண்ணீரை எடுத்துத் முதுகில் சில துளி, தலையில் சில துளி, மேலே கொஞ்சம் தெளித்து, தலையைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம்.

அந்தச் சத்தியத்தில் ஒரு வரியை நான் கவனமாகப் படிச்சேன். ஒரு கிளான்காரன் இன்னொருவனிடம் சொன்ன ரகசியத்தைக் காப்பாற்றணும். விதிவிலக்கு எவை? இந்தச் சத்தியத்தை மீறுவது, தேசத்துரோகம், பாலியல் வன்கொடுமை, 'வன்மத்தோடு' செய்த கொலை. இவை மட்டும்தான். அடிதடி, தீ வைப்பு, கடத்தல் எல்லாம் ரகசியம் காக்க வேண்டிய பட்டியலில் வந்துவிடுகிறது. கொலைக்கும் முன்னால் ஒரு அடைமொழி போட்டாச்சு. இயக்கத்துக்காகச் செய்தேன், எனக்கு அவன்மேல் தனிப்பட்ட வன்மம் இல்லை என்று ஒருவன் சொன்னால்? அந்த ஒரு சொல்லில் ஒரு கதவு திறந்தே இருக்கு.

ஊருக்குள்ளே இந்த ரகசியம் வியாபாரமாகவும் வேலை செய்தது. 'நீ கிளான்காரனா?' என்ற கேள்வியின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'அயாக்' என்று கேட்பான். 'கிளான்காரன் நான்' என்பதைச் சுருக்கி 'அக்கியா' என்று பதில் வரும். கிளான்காரன் கடையில் வாங்கு, யூதன் கடைக்கும் கத்தோலிக்கன் கடைக்கும் போகாதே என்பது எழுதாத சட்டம். இண்டியானா மாநிலத்தில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் ஆண்கள் உறுப்பினர்கள். அங்கே கிராண்ட் டிராகன் டி.சி. ஸ்டீஃபன்சன். மாநில அரசியலே அவர் கைக்குள். மதுவிலக்கு, பெண்களின் கற்பு என்று மேடையில் முழங்கியவர், 1925-ல் மேட்ஜ் ஓபர்ஹோல்ட்சர் என்ற இளம்பெண்ணைக் கடத்தி, கொடூரமாகத் தாக்கினார். அவர் சாகும் முன் கொடுத்த வாக்குமூலம்தான் ஸ்டீஃபன்சனுக்குக் கொலைத் தண்டனைத் தீர்ப்பு வாங்கித் தந்தது. கவர்னர் காப்பாற்றுவார் என்று எதிர்பார்த்தார். அது நடக்காமல் போனதும், யார் யாருக்குப் பணம் கொடுத்தேன் என்று சிறையிலிருந்தே கணக்கை வெளியே விட்டார். சில வருஷத்தில் இண்டியானா கிளான் காலி. தேசிய கிளானை 1944-ல் மூட வைத்தது வருமான வரித் துறை. பாக்கி 6,85,000 டாலருக்கும் மேல். கமிஷனில் வளர்ந்த சங்கத்துக்கு வரி பாக்கியில் முடிவு.

எண் நான்கு

1950-கள், 60-களில் குடியுரிமைப் போராட்டம் எழுந்தபோது, பல துண்டுகளாக மறுபடி கிளான் வந்தது. மிசிசிப்பியில் சாம் பவர்ஸ் நடத்திய 'வெள்ளை வீரர்கள்' என்ற குழு இதில் மிகக் கொடியது. இங்கே வேடிக்கைப் பெயர்கள் பின்னால் போய், எண்கள் முன்னால் வந்துவிட்டன. எண் 1 என்றால் மிரட்டல், சிலுவை எரிப்பு. எண் 2 சவுக்கடி. எண் 3 தீ வைப்பு. எண் 4 கொலை. எண் 4-க்கு பவர்ஸின் ஒப்புதல் வேண்டும். ஆபீஸ் ஃபைல் நகர்கிற மாதிரி.

1964 ஜூன் 21 இரவு, வாக்காளர் பதிவு வேலைக்கு வந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பிடித்து வைத்து, ராத்திரியில் வெளியே விட்டு, மறுபடி துரத்திப் பிடித்தவர் துணை ஷெரிஃப் செசில் பிரைஸ். ஆட்களைத் திரட்டியவர் எட்கர் ரே கில்லன், ஒரு பிரசங்கியார். 44 நாள் கழித்து ஒரு மண் அணைக்கு அடியில் உடல்கள் கிடைத்தன. கோல்பி சொன்ன 'ஊர்ப் பெரிய மனுஷங்க' ஞாபகம் வருதா? கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்தும் அதே ஆட்கள்தான்.

மாநில அரசு கொலை வழக்கே போடவில்லை. மத்திய அரசு 1967-ல் சதி வழக்கு நடத்தியது. பயன்படுத்திய சட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? முதல் கிளானுக்கு எதிராக 1870-ல் எழுதிய அதே சட்டத்தின் வழிவந்த பிரிவு. முக்கிய சாட்சிகளில் ஒருவர் டெல்மார் டென்னிஸ். கிளானுக்குள் இருந்துகொண்டே எஃப்.பி.ஐ.-க்குத் தகவல் கொடுத்த மதபோதகர். பவர்ஸும் பிரைஸும் உட்பட ஏழு பேருக்குத் தண்டனை. கில்லன் அப்போது தப்பித்து, 2005-ல்தான் தண்டனை பெற்றார்.

சங்கிலியைப் பிடித்து இழுத்த தாய்

கடைசியாக ஒரு வழக்கு. 1981 மார்ச்சில் அலபாமாவின் மொபீல் நகரில் மைக்கேல் டொனால்ட் என்ற 19 வயது கறுப்பின இளைஞரை இரண்டு கிளான்காரர்கள் கொன்று மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அவருடைய அம்மா பியூலா மே டொனால்ட் அதோடு நிற்கவில்லை. இரண்டு தனிமனிதர்கள் செய்த குற்றம் என்று விட்டுவிட முடியாது, இவர்களுடைய சங்கம் பொறுப்பு என்று 'யுனைட்டட் கிளான்ஸ்' அமைப்பு மேலேயே சிவில் வழக்குப் போட்டார். ஒரு கம்பெனி ஊழியர் செய்த தவறுக்குக் கம்பெனி பொறுப்பாவது மாதிரி. வாதத்துக்கு அடிப்படை என்ன? கிளானின் படிநிலை, கீழ்ப்படிதல் ஒழுங்கு, அதன் பத்திரிகையில் வந்த ஒரு கேலிச்சித்திரம். 1987-ல் ஜூரி 70 லட்சம் டாலர் தீர்ப்பு சொன்னது. அவ்வளவு பணம் கிளானிடம் இல்லை. டஸ்கலூசாவில் இருந்த தலைமையகக் கட்டடத்தின் பத்திரம் அந்த அம்மா கைக்கு வந்தது. அதை விற்று, தனக்கென்று முதல்முறையாக ஒரு வீடு வாங்கினார்.

மேலே உள்ளவன் தெரியாது என்று சொல்லலாம், கீழே உள்ளவன் உத்தரவு என்று சொல்லலாம். இந்த நழுவலுக்காகக் கட்டியதுதான் கிளானின் படிக்கட்டு. 1871-ல் சத்தியத்தை ஆதாரமாகக் காட்டிய வழக்கறிஞர்களும், 1944-ல் வரிக் கணக்குக் கேட்ட அதிகாரிகளும், 1987-ல் இந்த அம்மாவும் அதே படிக்கட்டைப் பிடித்துத்தான் மேலே ஏறினார்கள். இதில் எதுவும் தானாக நடக்கலை. அடி வாங்கிய கோல்பியும் ஹில்லும் தங்கள் பெயரைச் சொல்லி, அடித்தவன் யார் என்று கை காட்டியதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அந்த 13 தொகுதிகள் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன. நேரம் இருந்தால் நாலு பக்கமாவது படித்துப் பாருங்க. அங்கியைப் பற்றி அதில் கொஞ்சம்தான் இருக்கும், ஊரைப் பற்றி நிறைய இருக்கும்.

இன்னொரு எபிசோடில் சந்திப்போம்.